கட்டைவிரல் இல்லாமல் எழுதிய வரி

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் மூட்டைக்காரன் நோட்டும் பென்சிலுமாகப் பழைய கிடங்கின் ஆபீஸ் அறைக்குள் நுழைந்தான். வெகுநாள் பூட்டிக் கிடந்த அறை. மக்கிய சாக்கு வாடை. வெளியே வெயில் கொளுத்தியும் உள்ளே தரை சில்லிட்டது.

சாக்கு தைக்கும் அவன் மனைவி வாசலோடு நின்றுகொண்டாள்.

"கதை எழுத வேற இடமே கிடைக்கலையா? மேஸ்திரி செத்துக் கிடந்த அறைங்க இது."

"நடந்த இடத்துல உக்காந்தா ஆரம்பம் தானா வரும்னு பார்த்தேன்."

"நாப்பத்தெட்டு வயசுல எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டு, அதுக்குள்ள எழுத்தாளர் பவுசு! சட்டுனு முடிச்சுட்டு வாங்க."

நடுவும் முடிவும் ஒரு மாதமாக மனதில் தயார். கூட்டாளி நெட்டையன் மூட்டை அடுக்கு மேலே சரிந்து செத்த கதை. வரிசைக்கு வரிசை மூட்டையை மாற்றிப் போட்டு ஒன்றையொன்று பிடிக்கிற மாதிரி பின்னாமல், அவசரத்துக்கு நேர்நேராக அடுக்கச் சொன்னவர் மேஸ்திரி. மறுநாள் இதே அறையில் ஒரு தாளை நீட்டி, இவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கினார். இவனும் ரேகை வைத்தான். நெட்டையன் குடித்துவிட்டு அடுக்கை இடித்தான் என்று அதில் எழுதியிருந்தது, நெட்டையன் பெண்சாதி வைத்திருந்த நகலைப் போன மாதம் வாசித்தபோதுதான் தெரிந்தது. ஊரே அவளைக் குடிகாரன் பெண்டாட்டி என்றுதான் கூப்பிடுகிறது.

ஆரம்பம்தான் பிடிபடவில்லை.

'அன்று நல்ல மழை' என்று எழுதினான். சப்பென்று இருந்தது. அடித்தான். 'நெட்டையன் நல்லவன்.' அதையும் அடித்தான். எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்?

'நெட்டையன் குடி' என்று எழுதும்போதே மை வாடை குப்பென்று அடித்தது.

கட்டைவிரலை ஏதோ பிடித்தது.

சில்லென்ற பிடி. தெரிந்த பிடி.

பென்சிலிலிருந்து விரலைப் பிரித்துப் பின்பக்கமாக வளைத்தது.

"என்னங்க..." வாசலிலிருந்து மனைவி கூப்பிட்டாள். "உங்க பின்னாடி குனிஞ்சு நிக்கிறது யாரு? எந்திரிச்சு வாங்க, போயிடலாம்."

அவன் எழவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"மேஸ்திரி, அன்னைக்கு எழுத்துத் தெரியாது, கையை நீட்டிட்டேன். அந்த விரலை நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு இன்னும் நாலு இருக்கு."

பென்சிலை மற்ற விரல்களுக்கு இடையில் செருகினான். எலும்பு நொறுங்குகிற மாதிரி வலித்தது. எழுத்து கோணல்மாணலாக ஏறி இறங்கியது.

'நெட்டையன் குடித்திருக்கவில்லை. அடுக்கச் சொன்ன விதம்தான் தப்பு.'

புள்ளி வைத்தான்.

பிடி விட்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் கிடந்த மேஸ்திரியின் காலி நாற்காலி தரையில் கரகரவென்று உரசி, அவனை நோக்கி ஒரு முழம் நகர்ந்தது.

அவன் இரண்டாவது வரியை ஆரம்பித்தான்.