ரெண்டு தடவை மிதிச்சா

பட்டறையின் பின்சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு எரியும், அதில் என்ன அதிசயம்? அப்புறம்தான் உறைத்தது. மிதிக்க உள்ளே ஆளில்லை. பேட்டரி வயரைக் காலையில் அவனே கழற்றிவைத்திருந்தான்.

பிற்பகல் மழை பாதி இறக்கிய ஷட்டரில் கொட்டிக்கொண்டே இருக்க, ஈர ரப்பரும் கிரீஸும் தேய்ந்த பிரேக் பேடின் கருகல் வாடையும் சேர்ந்து வந்த காற்றில், இந்தப் பட்டறையில் நாலு வருடமாக வராத தலைவலித் தைலத்தின் வாசனை மெல்லக் கலந்து அவன் மூக்கருகே நின்றது. அவன் மனைவி நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

பிரேக்கில் ஏர் எடுப்பது ரெண்டு ஆள் வேலை. பிரேக் ஆயில் நசுங்காது. பெடலில் வைத்த பலத்தை அப்படியே சக்கரத்துக்குக் கொண்டுபோகும். குழாயில் காற்று புகுந்தால் போச்சு. காற்று நசுங்கும். மிதித்த பலமெல்லாம் அந்தக் குமிழியிலேயே தீர்ந்துபோக, சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். அதனால் மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே ஒருவர் சக்கரத்தருகே இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி, மூடிய பிறகுதான் "விடு" என்று சொல்லவேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும்.

அப்போதெல்லாம் மேலே மிதிப்பவள் அவன் மனைவி. கடைசியாக மிதித்த அன்றைக்கு, நிப்பிள் திறந்திருந்த நேரம் பார்த்து, பக்கத்து பஞ்சர்கடைக்காரன் வாசலில் நின்று ஏதோ வம்பளந்தான். "அட, விடுப்பா" என்றான் இவன். மேலே இருந்தவள் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"விட்டுட்டேங்க."

கேட்டது. ஆனாலும் மறுபடி முதலிலிருந்து செய்ய அலுப்பு. நிப்பிளை மூடி எழுந்துவிட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவர அவள் அந்த வண்டியைத்தான் எடுத்தாள்.

"பெடல் பஞ்சு மாதிரி போகுதுங்க."

"ரெண்டு தடவை மிதிச்சா சரியாயிடும். கிளம்பு, பிள்ள காத்துக்கிட்டிருக்கும்."

இறக்கத்தின் அடியில் லாரி நின்றிருந்தது. மகளிடமும் கேட்ட எல்லோரிடமும் அவன் ஒன்றையே சொன்னான்: "அவ வேகமா ஓட்டிட்டா." மகள் அதை நம்பினாள். செத்த அம்மாமேல் இன்னும் கோபமாக இருக்கிறாள்.

அதற்குப் பிறகு இந்த வேலையை அவன் தொடவில்லை. இன்றைக்கு வேறு வழியில்லாமல் எடுத்து, மிதிக்கப் பஞ்சர்கடைக்காரனைக் கூப்பிட்டிருந்தான். அவனை மழை மறித்துவிட்டது.

தலைக்கு மேலே பெடல் கிறீச்சென்றது.

"பிடிச்சிருக்கேங்க."

பழகிய கை தானாக ஸ்பேனரைத் திருப்பிவிட்டது. நிப்பிளில் மாட்டிய குழாய் வழியே ஆயில் பாட்டிலுக்குள் இறங்கியது. கூடவே குமிழி. அது நிற்கவில்லை. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று. தூங்குகிறவரின் மூச்சுப்போல.

"கால் வலிக்குதுங்க."

அவன் கண் கலங்கியது. நாலு வருடமாகப் பிடித்துக்கொண்டே இருக்கிறாளா? மூடவேண்டும். மூடிவிட்டு "விடு" என்று சொன்னால் அவள் காலுக்கு ஓய்வு. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும்.

"தப்பு... என்னுதும்மா. உன்னுது இல்ல. அன்னைக்கு நான்தான்..."

ஷட்டர் தகரம் தடதடவென்று அதிர்ந்தது.

"என்ன மெக்கானிக்கு, வண்டிக்கு அடியிலயே குடித்தனமா?" பஞ்சர்கடைக்காரன், தலையில் சாக்கோடு குனிந்து பார்த்தான். "யாருகிட்டய்யா பேசுற? என்ன தப்பு?"

காதில் விழுந்துவிட்டது. மகளிடம் போய்ச் சொல்லிவிடுவான்.

"ஒண்ணுமில்ல. அட, விடுப்பா."

வாயை விட்டு வந்துவிட்டது.

ஸ்பேனர் கையில், நிப்பிள் இன்னும் திறந்தபடியே. சுவரில் சிவப்பு அணைந்தது.

"விட்டுட்டேங்க."

பாட்டிலிலிருந்த ஆயில் குழாயில் மேலே ஏறியது. பின்னாலேயே காற்று, சர்ரென்று.

"சரிப்பா, நீயும் உன் வண்டியும்." பஞ்சர்கடைக்காரனின் செருப்புச் சத்தம் தண்ணீரில் சளப் சளப்பென்று தூரமாகிப் போயிற்று.

மேலே பெடல் அடித்தது. டப். சுவரில் சிவப்பு.

டப். சிவப்பு.

ரெண்டு. அவன் சொன்னபடி, ரெண்டு.

நின்றது.

முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, சக்கரம் கழற்றிய இடத்தில், பிரேக் டிஸ்க் மெல்லத் திரும்பியது. தள்ளுவார் யாருமில்லை. ஒரு சுற்று. இன்னொன்று. இறக்கத்தில் வண்டி உருள்வதுபோல் வேகம் பிடித்தது.

டப். டப்.

"பிரேக் பிடிக்கலைங்க."

டப் டப் டப். சுவர் சிவந்து இருண்டு சிவந்தது. டிஸ்க் விர்ரென்று சுழன்றது. அவன் ரெண்டு கையாலும் அதைப் பிடித்தான். தோல் கருகும் வாடை. நிற்கவில்லை.

"என்னங்க, பிடிக்கலைங்க..."

டப் டப் டப் டப் டப்.