நாற்பத்தேழாவது ஆட்சேபணை

மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. மாத்திரை அட்டையைக் கட்டைவிரலால் அழுத்தும்போது வெள்ளித்தாள் பொத்துக்கொண்டு மாத்திரை வெளியே விழுமே, அந்தச் சத்தம். இருபத்தைந்து வருடமாக நாகமலை புதுக்கோட்டையில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் அழகுபாண்டிக்கு அதில் சந்தேகமே வராது. கடைக்குப் பின்னால்தான் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும். வீட்டில் யாரும் இல்லை. தாமரைச்செல்வி செத்து நாற்பத்தொரு நாள் ஆகிறது.

பல்லியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வெளியே தேனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அது போன பிறகு ரோட்டில் வெயில் மட்டும் கிடந்தது. அவளுக்கு ஒற்றைத் தலைவலி வருவதும் இதே நேரம்தான். சமையலை முடித்துவிட்டு, நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டுவாள். அவர் ரோஸ் கலர் மாத்திரை ஒன்றை அந்தக் கையில் வைப்பார். பேரும் கேட்க மாட்டாள், எதற்கென்றும் கேட்க மாட்டாள். பதினெட்டு வருடம்.

போன வருடம் மூத்திரத்தில் இரத்தம் வந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிறுநீர்ப்பையில் புற்றுநோய். வலி மாத்திரை ஏதாவது ரொம்ப நாளாக எடுக்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார்.

"அப்படி ஒண்ணும் இல்லைங்க. எங்க வீட்டுக்காரரு குடுக்குறதுதான்" என்றாள் தாமரை.

அவர் கொடுப்பதை அவள் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவரும் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்த மாத்திரையின் பேரைச் சொல்லியிருக்கலாம், பாவி மனுசன். சொல்லவில்லை.

மூன்று மணிக்கு மருந்து ஏஜென்சியிலிருந்து சிவபாண்டி வந்தான், ஷட்டருக்குக் கீழே குனிந்து. ரோஸ் மாத்திரை எல்லாவற்றையும் திருப்பி எடுக்கச் சொல்லி உத்தரவாம். ஒரு கட்டுத் தாளையும் மேஜையில் வைத்தான். அந்த மருந்தை அரசாங்கம் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

"ரெண்டு பிரிவு வச்சிருக்காய்ங்கண்ணே. சந்தேகப்படுறது ஒண்ணு, மனுசனுக்கு வருதுன்னு உறுதியானது ஒண்ணு. இது நேரா உறுதியானதுலயே ஏறிருச்சு."

இதைச் சொல்ல இம்புட்டு வருசமா என்று கேட்டார் அழகுபாண்டி. சிவபாண்டி தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். முதலில் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்களாம், அப்புறம் சாப்பிட்ட நோயாளிகளைத் தேடிக் கணக்கெடுப்பார்களாம், நிபுணர்கள் கூடி வரைவு எழுதுவார்களாம், பிறகு ஆட்சேபணை சொல்ல அறுபது நாள் விடுவார்களாம். இதற்கு வரைவு நாலு வருடத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆட்சேபணை எக்கச்சக்கமாக வந்ததால் மறுபடி முதலிலிருந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் மூன்று வருடம் போய்விட்டது.

அட்டைகளையெல்லாம் பெட்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு சிவபாண்டி கிளம்பினான். ரேக் காலியானது. ஒரு அட்டைகூட மிச்சமில்லை, அழகுபாண்டியே கையை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

பிறகு தாளைப் புரட்டினார். பூராவும் ஆங்கிலம். கடைசியில் ஆட்சேபணைகள் வரிசையாக இருந்தன. நாற்பத்தேழாவதில், அத்தனை ஆங்கிலத்துக்கும் நடுவில், அவர் கடை முத்திரையோடு நாலு வரி தமிழ்.

"இது ஏழைகளின் மாத்திரை. இதைத் தடுக்கக் கூடாது. என் மனைவி தாமரைச்செல்வி பல வருடமாகத் தினமும் சாப்பிடுகிறார். அவருக்கு ஒரு குறையும் இல்லை."

அவரே எழுதியதுதான். நாலு வருடத்துக்கு முன்னால் வரைவு வந்தபோது, மருந்துக்கடைச் சங்கத்தில் அச்சடித்த ஆட்சேபணைப் படிவம் சுற்றுக்கு வந்தது. மற்றவர்கள் படிக்காமல் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். இவருக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. பெரிய இவனாட்டம் சொந்தமாக எழுதி, அவளைக் கூப்பிட்டுப் படித்தும் காட்டினார்.

"என்னையப் போயி சாட்சிக்கு இழுத்துவிட்டீங்களாக்கும்" என்று சிரித்தாள். கவர்மெண்டுக்குத் தன் பேர் போவதில் அவளுக்குச் சந்தோஷம். போகிற வருகிற பெண்களிடமெல்லாம் இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நாலு வரிக்குக் கீழே ஆங்கிலத்தில் பதிலும் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒருவரின் அனுபவம் மட்டும் சான்றாகாது, கருத்து பதிவு செய்யப்பட்டது.

அவர் மேஜையில் தலையைச் சாய்த்து அழுதார். சத்தம் போட்டே அழுதார். அழுகைக்கு நடுவில் உள்ளே மறுபடி அந்த அட்டைச் சத்தம் கேட்டது.

இந்த முறை பல்லி என்று நினைக்க முடியவில்லை. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. டம்ளரில் தண்ணீர் ஊற்றும் ஓசை, தொண்டையில் மடக்கென்று இறங்கும் ஓசை, பிறகு அவள் எப்போதும் விடும் அந்தச் சின்னப் பெருமூச்சு. திரைச்சீலை அசையவில்லை. அதன் அடியிலிருந்து தேங்காய் எண்ணெய் வாடை வந்தது, கூடவே ஆஸ்பத்திரி வார்டில் கடைசி மாதம் முழுக்க அவர் மூக்கில் ஒட்டிக்கிடந்த வாடையும் வந்தது.

அவருக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிட ஒன்று பெரிதாக இருந்தது. அவள் இன்னமும் முழுங்குகிறாள். அவளிடம் யாரும் சொல்லவில்லையே. இப்போதாவது தடுக்க வேண்டும்.

திரையை விலக்கினார்.

உள்ளே இருட்டாக இருந்தது. வெளியே அந்த வெயில் இருந்தும் ஜன்னலில் வெளிச்சம் இல்லை. காலடியில் ஏதோ நொறுங்கியது. காலி அட்டை. அடுத்த அடியிலும் அட்டை. தரை தெரியவில்லை. அடுப்படி வரைக்கும் காலி அட்டைகள், கணுக்கால் உயரத்துக்கு. அவற்றை மிதித்துக்கொண்டே நடந்தார்.

தாமரை அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள். நெற்றியில் துண்டு. முடி கொட்டிப்போன தலை. முகம் மட்டும் பழைய முகம்.

கையை நீட்டினாள்.

"வேணாம் தாமரை" என்றார். "அது விஷம் ஆத்தா. முழுங்காத. நாந்தான் தெரியாம குடுத்துட்டேன்."

அவள் லேசாகச் சிரித்தாள்.

"நீங்க குடுத்தாச் சரியாத்தாங்க இருக்கும்."

தன் வலது கை கனப்பதை அவர் அப்போதுதான் உணர்ந்தார். குனிந்து பார்த்தார். முழு அட்டை. விரல்களை விரிக்கப் பார்த்தார். விரியவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தார். அசையவில்லை. கட்டைவிரல் தானாக அழுத்தியது. ரோஸ் மாத்திரை அவள் கையில் விழுந்தது. முழுங்கினாள். பெருமூச்சு விட்டாள். கட்டைவிரல் மறுபடி அழுத்தியது.

"தாமரை, துப்பு. துப்பிரு."

முழுங்கினாள்.

அவள் சேலைக்கரையிலிருந்து சொட்டு விழுந்தது. சிவப்பு. அட்டைகளின் வெள்ளித்தாள் மேல் ஓடி, அவர் காலடிக்கு வந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

அவள் குனிந்து பார்க்கவே இல்லை. அவர் முகத்தையே நம்பிக்கையோடு பார்த்தபடி, கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.