கழுத்து வெளியே தெரிய வேண்டும்

சூசைமாணிக்கம் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த பூந்தொட்டியைப் பேணி வெளியே இழுத்து, மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தது. காய்ந்திருந்தது. உடனே தண்ணீர் ஊற்றியது.

"போச்சு," என்றார் அவர்.

தூத்துக்குடியில் இப்போது பேணி இல்லாத வீடு கிடையாது. வீட்டிலுள்ள ஒவ்வோர் உயிரின் பசியையும் தாகத்தையும் அளந்து, கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடும் இயந்திரம் அது. அது வந்த மூன்று வருடங்களாகப் பந்து லில்லி பூக்கவில்லை. அவர் மனைவி ரெஜினா கல்யாணமான வருடம் நட்ட செடி. கல்யாண நாள் வரும் மே மாதத்தில் தவறாமல் பூத்த செடி.

"இந்த மே மாசமும் பூக்கலன்னா நாசரேத்துத் தங்கச்சிக்குக் குடுத்துருவேன்," என்று ரெஜினா சொல்லிவிட்டாள். "அவ சோம்பேறி. தண்ணியே ஊத்த மாட்டா. அங்க ஜம்முன்னு பூக்கும்."

சூசைமாணிக்கம் ரயில்வே சிக்னல் பிரிவில் நாற்பது வருடம் இருந்தவர். எந்த இயந்திரத்தையும் அதட்ட மாட்டார், விளக்குவார். டிசம்பரில் இலைகள் மஞ்சளானதும் கிழங்கைத் தோண்டியெடுத்துப் எதையும் ஊடுருவிப் பார்க்கும் பேணியின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா இருக்கா? அம்புட்டும் சாப்பாடு. மழைக்காலம் முழுக்க இலை சமைச்சு கீழ அனுப்புனது. வேலை முடிஞ்சி இலை பழுத்துட்டு. இனி இது தூங்கணும்."

"தாகம் காட்டுகிறதே, ஐயா?"

"மண்ணுக்குத்தான் தாகம். இப்ப ஊத்துனா கிழங்கு அழுகிரும். நடுவுல கடுகு மாதிரி தெரியுதா? அதான் மே மாசப் பூ. நூத்திருபது நாள் சும்மா விட்டாத்தான் எந்திரிக்கும்."

பேணி வெகுநேரம் பார்த்தது. "அப்படியானால், சும்மா இருப்பதும் பராமரிப்புதான்."

"அதுதான் கஷ்டமான பராமரிப்பு. நடும்போது கழுத்து மட்டும் வெளிய தெரியணும். மறந்துராத."

பேணி மறக்கவில்லை; கழுத்து மட்டும் தெரியும்படி நட்டது. தினமும் காலையில் தொட்டியருகே வந்து கைகட்டி நின்றுவிட்டுப் போனது. பக்கத்திலேயே சூசைமாணிக்கமும் நின்றார். உள்ளே கிழங்கு செத்துவிட்டதோ என்று அவருக்குத்தான் பயம். ஏப்ரலில் ஒரு குவளைத் தண்ணீர். மே இரண்டாம் வாரம், இலைகூட இல்லாத தண்டின் உச்சியில் செக்கச்செவேலென்று ஒரு பந்து விரிந்தது. ரெஜினா படமெடுத்து முதல் வேலையாகத் தங்கச்சிக்கு அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து சூசைமாணிக்கம் கண்விழித்தபோது அறை இருட்டாக இருந்தது. திரைச்சீலைகள் இறுக மூடியிருந்தன.

"மணி என்னடே?"

"பதினொன்று, ஐயா."

"ஆறு மணிக்கு எழுப்பலையா? காப்பி எங்க?"

"இத்தனை நாளும் எழுப்பியது என் தவறு, ஐயா. உங்கள் தலை வெளுத்துவிட்டது. நாற்பது வருட வேலை முடிந்துவிட்டது. வயிற்றைச் சுற்றி அடுக்கடுக்காகச் சேமிப்பும் இருக்கிறது. உள்ளே மொட்டுதான் இன்னும் தென்படவில்லை. பொறுத்திருப்போம்."

"எத்தன நாளைக்கு?"

"நூற்றிருபது."

எழப் பார்த்தார். போர்வை நான்கு பக்கமும் மெத்தைக்கடியில் செருகப்பட்டிருந்தது. கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. இதமாகத்தான் இருந்தது என்பதையும் மறுக்க முடியவில்லை.

வாசலில் ரெஜினா டம்ளரோடு நின்றாள். காப்பி மணம் அறையெங்கும் பரவியது.

"ஏட்டி, எனக்கு ஒரு வாய் தா."

அவள் பந்து லில்லிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

"ஊத்துனா அழுகிருவீகளாம்."