மணிக்கு ஐம்பது மில்லி

ஏழாம் கட்டிலின் சிறுநீர்ப் பை காய்ந்து கிடந்தது. நர்ஸ் குனிந்து குழாயை நீவிப் பார்த்தாள்; ஒரு துளிகூட இல்லை. சார்ட்டில் மூன்று மணிக்கு ஐம்பது மில்லி, நான்குக்கு ஐம்பது, இன்னும் வராத ஐந்து, ஆறு, ஏழுக்கும் ஐம்பது என்று அவள் கையெழுத்து லட்சணமாக நின்றது. வந்ததும் வராததுமாகக் கட்டங்களை மொத்தமாக நிரப்பிவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பது அந்த வார்டில் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. அந்த ஐம்பதுகளை நம்பித்தான் டாக்டர் பொட்டாசியம் டிரிப் போடச் சொல்லியிருந்தார். சிறுநீர் பிரியாத உடம்பில் பொட்டாசியம் சேர்ந்தால் இதயம் நின்றுவிடும்.

டிரிப்பை மூடினாள்.

"ஏன் சிஸ்டர் நிறுத்திட்டீங்க?" அந்தக் கட்டில் நோயாளியான தையல்காரரின் மனைவி பக்கத்து ஸ்டூலிலிருந்து பதறி எழுந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. டாக்டரைக் கேட்டுட்டுப் போடலாம்னுதான்."

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் போய்விடுவார். போனை எடுத்தபோது கடிகார முள் ஐந்தைத் தொட்டது.

சொட்.

குழாய்க்குள் மஞ்சளாக ஒரு துளி இறங்கியது, அதன் பின்னாலேயே இன்னொன்று, பிறகு நூல் பிடித்தாற்போல விடாமல் இறங்கி, பினாயில் நெடியையும் மீறி வெதுவெதுப்பான உப்பு வாசனை எழ, பை மெல்ல உப்பியது. நூற்றைம்பது. மூன்று ஐம்பதும் சேர்ந்து வந்துவிட்டன. அப்பாடா என்று போனை வைத்தாள்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள். தாகம் அப்படியே இருந்தது.

ஆறு மணி. சொட். அவள் கெண்டைக்காலைச் சுண்டி இழுத்தது. உதடு வெடித்தது. பயத்தில் அழுகை முட்டியது, கண்ணீர் வரவில்லை. தான் எழுதிவைத்த ஐம்பதுகள் தன் உடம்பிலிருந்துதான் போகின்றன என்று அப்போதுதான் புரிந்தது.

"டாக்டர், உடனே வாங்க."

"ஆபரேஷன்ல இருக்கேன். ஏழு மணிக்கு மேலதான் வர முடியும்."

ஏழாம் மணிக் கட்டத்தைத் தாள் கிழியும்படி அடித்தாள்.

ஏழு மணி. சத்தமில்லை. ஏற்கெனவே ஏறியிருந்த பொட்டாசியத்தில் மானிட்டரின் கோடுகள் கூராக எழுந்தன. தடுமாறின. அலாரம் அலறியது.

"சிஸ்டர், என் வீட்டுக்காரரைக் காப்பாத்துங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

பேனா. அடித்த இடத்துக்கு மேலேயே ஐம்பது என்று எழுதினாள்.

சொட்.

அலாரம் அடங்கியது. தையல்காரர் கண் திறந்தார். நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் வந்தார். பையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அட, கிட்னி வேலை செய்யுதே! ஆனா இது போதாது சிஸ்டர். உள்ள சேர்ந்ததெல்லாம் வெளிய போகணும்." அவளிடமிருந்து பேனாவை வாங்கி, வர வேண்டிய அளவைச் சார்ட்டில் எழுதினார். எட்டு மணிக்கு இருநூறு. ஒன்பதுக்கு இருநூறு. விடியும்வரை, கட்டம் கட்டமாக.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை.

தன் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டாள். அது படியவில்லை. எழும்பிய மடிப்பு எழும்பியபடியே நின்றது.

சொட். சொட். சொட்.