ஐந்தாவது மகள்

வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

எனிட் கராட் கறுப்பு மெழுகுக் கட்டியை நிறுத்தினாள். காலணியைக் கழற்றிவிட்டு, தேவாலயத்தின் கல் தரையில் மண்டியிட்டு, அதில் பதித்திருந்த பழைய கல்லறையின் பித்தளை உருவங்களின் மேல் காகிதம் விரித்து, மெழுகால் தேய்த்துப் படியெடுத்துக்கொண்டிருந்தாள். என்றோ இறந்த கம்பளி வியாபாரியின் மனைவி பித்தளையில் கைகூப்பி நின்றாள். அவள் காலடியில் விரலளவு மகள்கள் வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். ஐந்தாவது மகளின் இடம் இப்போது வெறும் பள்ளம். பள்ளத்தில் மெழுகு பிடிக்காது.

அந்த மகள் எனிட்டின் கைப்பையில், கைக்குட்டைக்குள் இருந்தாள். அவளைக் கல்லோடு பிடித்திருந்த ஆணி தளர்ந்து ஆடியது. காகிதம் வெட்டும் கத்தியின் நுனியை விட்டுப் பார்த்தாள், கையோடு வந்துவிட்டது. திருப்பி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. படியெடுக்காமல் போனால் சந்தேகம் வரும் என்றுதான் தேய்க்கவே உட்கார்ந்தாள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லித் தருகிறவள். முகம் எரிந்தது.

மண்ணெண்ணெய் ஹீட்டரின் புகையும் ஈரம் ஏறிய பாட்டுப் புத்தகங்களின் வாடையும் கலந்து தொண்டையை அடைத்த அந்த நேரத்தில், பின்கதவருகே வாளி வைக்கும் சத்தம் கேட்டது. தேவாலயத்தைச் சுத்தம் செய்யும் திருமதி பிரைக்.

"டீச்சர், இந்தக் குளிர்ல முட்டி மரத்துப் போயிடும். டீ ஊத்தித் தரவா?"

"வேணாங்க."

"போன வாரம் இதே மாதிரி தேய்க்க ஒரு தாடிக்காரன் வந்தான். எதையாவது பேத்துட்டுப் போயிடுவானோன்னு கிளம்புற வரைக்கும் பின்னாடியே நின்னேன், திருதிருன்னு முழிச்சான். உங்ககிட்ட அந்தக் கவலை இல்ல." சிரித்தாள். "என் பொண்ணுங்க நல்லா இருக்காங்களா? அஞ்சு பேரும்?"

அந்தப் பித்தளை மகள்களைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பவள் அவள்தான். இப்போதே சொல்லிவிடலாம். தானாகக் கழன்று வந்தது என்று பாதி உண்மையாவது சொல்லலாம்.

"எல்லாரும் இருக்காங்க," என்றாள் எனிட்.

"அப்ப பாலிஷ் எடுத்துட்டு வரேன். நாளைக்குப் பிஷப் வராரு."

வாளிச் சத்தம் தூரப் போனது. அவள் வருவதற்குள் திருப்பி வைத்துவிட வேண்டும். ஆனால் அந்தக் கோடு. அது என்னவென்று தெரியாமல் காகிதத்தைத் தூக்க மனம் வரவில்லை. பள்ளத்தின் மேல் இன்னொரு முறை தேய்த்தாள். மடங்கிய முழங்கால் வந்தது. இன்னொரு முறை. காலணி இல்லாத பாதம். இடுப்பில் வார் கட்டிய மழைக்கோட்டு.

அவளுடைய மழைக்கோட்டு.

கை நிற்கவில்லை. கழுத்து. காது. மூக்குக்கண்ணாடி.

கைப்பையை எட்டப் பார்த்தாள். எட்டவில்லை. உள்ளங்கைகள் ஒட்டியிருந்தன. விரலோடு விரல். இழுத்தாள். வரவில்லை. முழங்கால்கள் குளிர்ந்தன. பிறகு இடுப்பு. பிறகு நாக்கு. நாக்கில் உலோகச் சுவை.

மேலிருந்து காகிதம் விலகியது.

"டீச்சர்?" கூரையளவு உயரத்திலிருந்து திருமதி பிரைக்கின் முகம் குனிந்தது. "சொல்லிக்காம போயிட்டாங்களே. பையையும் விட்டுட்டு, ஷூவையும் விட்டுட்டு."

பையைத் திறக்காதே. சொல்லிவிடுகிறேன், திறக்காதே. எனிட்டின் வாய் அசையவில்லை.

கொக்கி திறக்கும் சத்தம். கைக்குட்டை பிரியும் சத்தம்.

திருமதி பிரைக் கையிலிருந்ததைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொருவர் மேலும் விரல் வைத்து எண்ணி, மூக்குக்கண்ணாடி போட்ட கடைசி முகத்துக்கு வந்தாள். விரல் நின்றது.

"எல்லாரும் இருக்காங்க," என்றாள் மெதுவாக.

பிறகு பாலிஷ் நனைத்த துணியை எனிட்டின் முகத்தில் வைத்து, அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள்.