ஏழாம் நம்பர் ஊசி

இரண்டாவது கவளத்திலேயே வீரய்யாவின் நாக்கில் மயிர் தட்டுப்பட்டது. விரலால் பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது, ஒரு முழத்துக்கு, எண்ணெய்ப் பிசுக்கோடு. மனைவி போய் எட்டு வருஷம் ஆகிறது. தயிர்சாதம் அவரே பிசைந்து கட்டிக்கொண்டு வந்தது.

தூக்குச்சட்டியை மூடி ஓரமாக வைத்தார். புதுக்கோட்டையின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி சித்திரை மாதத்து மத்தியானத்தில் அடங்கிக் கிடந்தது. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார், நர்ஸ் செபமாலையும் கேட்டைச் சாத்திவிட்டுப் போயிருந்தாள். பில் அறையில் ஸ்பிரிட் வாசனையும், கூரை ஓடு வெயிலில் நெறிபடும் சத்தமும், அவரும்தான்.

புற்றுநோய் என்று பில்லில் எழுதினால் வீட்டார் மனம் விட்டுவிடுவார்கள் என்று டாக்டர் அதற்கு ஏழாம் நம்பர் போடச் சொல்லியிருந்தார். ஊசி போட வருகிற ஒவ்வொரு தடவையும் வீரய்யா ஏழு என்று எழுதி, மருந்துக்கும் ஊசிக்கும் சேர்த்துப் பணம் வாங்குவார். மருந்து அலமாரிச் சாவியும் அவரிடம்தான். மெட்ராஸிலிருந்து வரும் மருந்துக் குப்பிகளைத் திருச்சிக்காரர் ஒருவரிடம் தள்ளிவிட்டு, காலிக் குப்பிகளில் உப்புத் தண்ணீரை நிரப்பி வைப்பார். செபமாலை அது தெரியாமலே போடுவாள்.

கீரமங்கலத்துச் சொர்ணவல்லி அப்படித்தான் ஐந்து மாதம் வந்துபோனாள். புருஷன் காணியை விற்றுக் கூட்டிவந்தான். ஒருநாள் பில் ஜன்னலில் நின்று, தன் தடித்த பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"மத்தவுகளுக்கெல்லாம் வாந்தியா வருதாம், முடி கொட்டுதாம். எனக்கு ஒண்ணுமே இல்லைங்க. மருந்து நல்லா ஒத்துக்கிருச்சு."

"நீ அதிர்ஷ்டக்காரி ஆத்தா" என்று தானும் சிரித்தார் வீரய்யா.

மாசியில் செத்துப்போனாள். பாடையில் அந்தப் பின்னல் வெளியே தொங்கிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள்.

உள்ளே, ஊசி போடும் அறையில், தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. கொதிநீரில் ஊசிகள் தகர டப்பாவோடு உரசிக் கிணுகிணுத்தன. செபமாலை ஸ்டவ்வை அணைத்துவிட்டுத்தானே போனாள்? எழுந்து போய்ப் பார்த்தார். ஸ்டவ் ஜில்லென்று இருந்தது. டப்பா காலி. சத்தம் மட்டும் நிற்கவில்லை. இப்போது அது அவர் பின்னால், பில் அறையிலிருந்து வந்தது.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் வெளியே போக பில் அறை வழியாகத்தான் போக வேண்டும்.

பில் அறைக்குத் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் கண் கூசியது. அந்த வெளிச்சத்தில் ஒரு முகம். சிரிப்பில்லை. கோபம்கூட இல்லை. பாக்கியைப் பொறுத்திருந்து வாங்க வந்த முகம்.

"எனக்குன்னு எழுதுன ஊசி எல்லாம் பாக்கி நிக்குதுங்க" என்றாள் சொர்ணவல்லி. "கையை நீட்டுங்க."

நீட்டவில்லை. நீட்டியதாக நினைவில்லை. இடது கை ஜன்னல் பலகைமேல் கிடந்தது. குளிர்ந்த விரல்கள் முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடின. அவசரமில்லாமல். செபமாலை தேடுகிற மாதிரியே.

குத்தியது.

வாயில் இரும்பு ருசி. நரம்பு கறுத்துக்கொண்டே தோள்வரை ஏறியது. தின்ற கவளம் வாந்தியாக வந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்தார். புருவம் கையோடு வந்தது.

"தாயி, விட்ரு தாயி. தெரியாமச் செஞ்சுட்டேன்."

"தெரிஞ்சுதான் சிரிச்சீங்க."

அவள் விலகி நின்றாள். முடிந்தது என்று அவர் மூச்சுவிட்டார்.

அவளுக்குப் பின்னால் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் நின்றார். மணமேல்குடிக்காரர், அவரும் ஏழாம் நம்பர்தான். அவருக்குப் பின்னால் வல்லத்திராக்கோட்டை வாத்தியார். அவருக்குப் பின்னால் மஞ்சள் கயிறு புதுசு மாறாத ஒரு பெண். தாழ்வாரம் தாண்டி, சாத்திய கேட்டையும் தாண்டி, வெள்ளை வெயில் காய்கிற ரோட்டில் வரிசை போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் இடிக்கவில்லை.

பெரியவர் ஓரடி முன்னால் வந்தார்.

வீரய்யாவின் வலது கை தானாக எழுந்து, சட்டைக்கை மேலேற, உள்ளங்கை வானத்தைப் பார்க்க, ஜன்னலுக்கு வெளியே நீண்டது.