வெங்காயம் இல்லாமல் ஒன்று

காலையில் இடியாப்பத்தைப் பிட்டுக்கொண்டே ஆல்வின் தன் இறந்துபோன மகளிடம் பேசினார்.

"போட்டுட்டேம்மா. ரெண்டு மாத்திரையும் போட்டாச்சு. ஏ, சீனி போடலட்டி, சும்மா சொல்லாத."

எதிரே உட்கார்ந்திருந்த மருமகன் ரூபனுக்கு அவளுடைய பேச்சு கேட்கவில்லை. அது ஆல்வினின் காதுக்குள் இருந்த கடுகளவுக் கருவியில் மட்டும் ஒலித்தது. தூத்துக்குடியில் இப்போது பல வீடுகளில் காலைச் சாப்பாடு இப்படித்தான் நடக்கிறது.

வங்கியில் கூட்டுக் கணக்கு வைத்திருந்தவர்களில் ஒருவர் இறந்தால் அவருடைய கணக்குக்குரல் நிற்பதில்லை. எதை வாங்கினார், எதற்குத் தயங்கினார், அப்போது என்ன சொன்னார் என்று கூடவே இருந்து கற்றுக்கொண்ட மென்பொருள் அது. மிஞ்சியவர் கணக்கை நடத்தும்வரை அவர் காதில் மட்டும் பேசும். இறப்புக்குப் பிறகு புதிய பெயர் சேர்க்க முடியாது. ஆல்வினின் மகள் மெர்லின் தன் கணக்கில் அப்பாவைத்தான் சேர்த்திருந்தாள். கணவன் ரூபனைச் சேர்க்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. வீட்டுச் செலவெல்லாம் ரூபனின் கணக்கில்தான் போனது.

ரூபன் வாரிசு என்ற முறையில் வங்கியில் உரிமை கோரினான். பணத்துக்காக அல்ல. உரிமைத் தகராறு வந்தால் குரலை எல்லோர் முன்னிலையிலும் விசாரிப்பார்கள். அவள் குரலை ஒரு தடவை காதால் கேட்டால் போதும் என்று நினைத்தான்.

வங்கியில் பெண் அதிகாரி நடைமுறையைச் சொன்னார்.

"முதல்ல நீங்க பேசலாம் சார். அப்புறம் நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன். அப்பா பேரைச் சேத்தது வசதிக்கா, உரிமைக்கான்னு. வசதிக்குன்னு சொல்லிட்டா எல்லாம் வாரிசுக்கு வந்துரும். கணக்கை முடிச்சிருவோம். குரலும் அதோட முடிஞ்சிரும்."

ரூபன் மாமனாரைத் திரும்பிப் பார்த்தான். "உங்களுக்கு இது தெரியுமா மாமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஒரு வாட்டி கேக்கணும்னு வந்திருக்கீங்க. எனக்குத் தெரியாதா மாப்ள?"

அதிகாரி மேசை ஒலிபெருக்கியின் பொத்தானைத் தட்டினார்.

"மெர்லின்," என்றான் அவன். "ரூபன் பேசுறேன்."

"ரூபனா?" அவளேதான். அதே இழுப்பு. "அப்படி ஒரு பேரு இந்தக் கணக்குல இல்லியே. நீங்க யாரு?"

அவனுக்குக் கோபமோ அழுகையோ வரவில்லை. பல மாதங்களாகவே எதுவும் வருவதில்லை. ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்து கேட்டான்.

"அப்பாவுக்கு வாங்குனது தவிர இதுல வேற எதுவும் வாங்குனியா?"

"மருந்து, ரீசார்ஜ், அப்பாவோட செருப்பு... ம், சனிக்கிழமை மட்டும் ரெண்டு கொத்து பரோட்டா. ஒண்ணு வெங்காயம் இல்லாம."

"அது யாருக்கு?"

"தெரியலியே. ஆனா ஒரு நாள் வெங்காயம் விழுந்திருச்சுன்னு கடைக்காரர உண்டு இல்லன்னு ஆக்கிட்டேன். வெங்காயம் இல்லாம கொத்து பரோட்டா கேக்குற ஒரே ஆளு நீங்கதான்னு அவரு சிரிச்சாரு."

ரூபனுக்குச் சின்ன வயதிலிருந்தே வெங்காயம் ஆகாது.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "இப்ப என் கேள்வி. மெர்லின், உங்க அப்பா பேரை—"

"வேண்டாம் மேடம்," என்றான் ரூபன். "கேக்காதீங்க. நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அப்ப உங்களுக்கு எதுவும் கிடைக்காது சார். மறுபடியும் கோரவும் முடியாது."

"பரவால்ல."

வெளியே வந்து இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் விநியோக வண்டி வந்து நின்றது. ஆல்வின் இரண்டு பொட்டலங்களை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"வந்திருச்சும்மா. ஆமா, பக்கத்துலதான் இருக்காரு." காதைப் பொத்திக்கொண்டு கவனித்தார். பிறகு ஒரு பொட்டலத்தை ரூபன் பக்கம் நகர்த்தினார்.

"வெங்காயம் கெடக்கான்னு பாக்கச் சொல்லுதா, மாப்ள."

ரூபன் பிரித்து, விரலால் அடிவரை கிளறிப் பார்த்தான்.

"இல்லன்னு சொல்லுங்க."